மீன் கடைசியில் வரட்டும்: சிறிய நன்னீர் மீன்தொட்டியை அமைத்துப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

முதல் தொட்டி வைத்த பலருக்கு அருகிலிருந்து உதவியிருக்கிறேன். தோற்றவர்களில் பெரும்பாலோர் செய்தது ஒரே பிழைதான்: தொட்டி, வடிகட்டி, மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கினார்கள். முதல் வாரம் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். இரண்டாம் வாரம் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும். மூன்றாம் வாரம் தொட்டி காலியாகும். மீனுக்கு நோய் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்தத் தண்ணீர் மீனைத் தாங்கும் நிலைக்கே வந்திருக்கவில்லை.

ஏறக்குறைய 60 லிட்டர் தொட்டியில் பல வகைச் சிறு மீன்களைச் சேர்த்து வளர்க்க விரும்புகிறவருக்கானது இந்த வழிகாட்டி. எண்களின் வரிசையிலேயே செல்லுங்கள். நான்காம் படியைச் செய்துவிட்டு ஆறாம் படிக்குத் தாவுவதில்தான் மீன்கள் சாகின்றன.

1. முதலில் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில-காரத் தன்மை) நான்கையும் அளக்கும் துளிமருந்து வகை நல்லது. காகிதப் பட்டைகளில் நிறத்தைப் பிரித்தறிவது கடினம். பல பட்டைகள் அம்மோனியாவை அளப்பதே இல்லை. நமக்கு மிகவும் தேவைப்படும் அளவு அதுதான்.

தொட்டியில் ஊற்றப்போகும் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை இரண்டையும் குறித்துவையுங்கள். கப்பி, பிளாட்டி, மாலி ஆகியவை கடினநீரில் செழிக்கும். டெட்ரா, ரஸ்போரா வகைகள் மென்னீருக்குப் பழகியவை. இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பிடித்த மீனுக்காகத் தண்ணீரை மருந்து ஊற்றி மாற்றப் புறப்பட்டால், ஒவ்வொரு வாரமும் அதே போராட்டம்தான். பி.எச். மேலும் கீழுமாக ஊசலாடுவது, சற்றுப் பொருந்தாத பி.எச். நிலையாக இருப்பதைவிட மீனை அதிகம் வருத்தும்.

குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரின் சேர்க்கிறார்களா, குளோரமின் சேர்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். குளோரின் என்றால் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோரமின் அப்படிப் போகாது. எது என்று உறுதியில்லாவிட்டால் குளோரின் நீக்கி மருந்தை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள்.

2. தொட்டியும் அது நிற்கும் இடமும்

சின்னத் தொட்டி எளிது என்று பலரும் 10 லிட்டர், 20 லிட்டரில் தொடங்குகிறார்கள். இது தலைகீழான கணக்கு. தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு செத்த மீனோ கூடுதலாக விழுந்த ஒரு சிட்டிகை உணவோ ஒரே இரவில் தொட்டியைக் கெடுத்துவிடும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 65 லிட்டர் கொள்ளும். விளிம்புவரை நிரப்ப மாட்டோம். மணலும் கல்லும் இடம் எடுக்கும். அதனால் கையில் 50 முதல் 55 லிட்டர் தண்ணீர் இருக்கும். தொடக்கநிலையாளருக்கு இது போதுமான பாதுகாப்பு. உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டியே சிறந்தது: மீன்கள் நீளவாக்கில்தான் நீந்துகின்றன, காற்று கலக்கும் மேற்பரப்பும் அதில் அதிகம்.

நிரப்பிய பிறகு மொத்த எடை 80 கிலோவை நெருங்கும். எனவே மேசையின் உறுதியை முதலிலேயே பாருங்கள். ரசமட்டம் வைத்துத் தளம் சமமா என்று சரிபாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கண்ணாடி ஒட்டின்மேல் சீரற்ற அழுத்தம் விழும். விளிம்புச் சட்டமில்லாத தொட்டியானால் அடியில் மெல்லிய நுரைப்பாய் விரியுங்கள். நேரடி வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். பாசியும் வெப்ப ஏற்றமும் சேர்ந்து வரும்.

வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் இப்போதே தெரியட்டும். மணல் போட்ட பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீருள்ள தொட்டியை ஒருபோதும் தூக்கி நகர்த்தாதீர்கள். அரைத் தொட்டி நீராக இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடக்கூடும். கழுவும்போது சோப்பு, பாத்திரத் தூள் எதுவும் கூடாது. வாளி, கடற்பஞ்சு, குழாய் ஆகியவற்றைத் தொட்டிக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. கருவிகள்

வடிகட்டிதான் தொட்டியின் உயிர். அழுக்கைப் பிடிப்பது அதன் இரண்டாவது வேலை. நச்சை மாற்றும் பாக்டீரியாக்களுக்கு வீடாக இருப்பதே முதல் வேலை. காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டி விலை குறைந்தது, பழுதாவது அரிது, குஞ்சுகளை இழுத்துக்கொள்ளாது. மோட்டார் வடிகட்டி வாங்கினால் மணிக்குத் தொட்டி அளவைப்போல் 4 அல்லது 5 மடங்கு, அதாவது 250 முதல் 300 லிட்டர் தண்ணீரைச் சுற்றும் வகை போதும். வேகம் அதிகமானால் சிறு மீன்கள் நாள் முழுவதும் நீரோட்டத்தோடு போராடிக் களைத்துப்போகும்.

ஹீட்டர் தேவையா என்பதை அறையின் வெப்பம் தீர்மானிக்கும். தண்ணீர் இரவும் பகலும் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் தேவையில்லை. இரவில் சரிந்தால் லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கில் வாங்குங்கள். ஹீட்டரின் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை ஒட்டிவையுங்கள்.

விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். மூடி அவசியம், பயந்த மீன் துள்ளும்.

மின்கம்பிகள் ஒவ்வொன்றும் பிளக்குக்குச் செல்வதற்கு முன் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலேறிச் செல்லட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. காற்றுப் பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கும்.

4. மணல், கல், கட்டை, செடி

2 முதல் 3 மி.மீ. பருமனுள்ள பருமணலை 4 அல்லது 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். கோரிடோரஸ் போன்று அடியில் மீசையால் துழாவும் மீன் வளர்ப்பதானால் உருண்ட, மென்மையான நைஸ் மணல்தான் சரி. கூரான கல் மீசையைத் தேய்த்துவிடும். கழுவிய நீர் தெளிவாக ஓடும்வரை கழுவுங்கள். கை ஓயும் வேலைதான். ஆனால் இங்கே மிச்சப்படுத்தும் அரை மணி நேரம் பிறகு பத்து நாள் கலங்கலாகத் திரும்பிவரும்.

கல்லின்மீது சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மென்னீர் மீன்களுக்கு அது வேண்டாம். கட்டையை வேகவைத்தோ இரண்டு வாரம் ஊறவைத்தோ போடுங்கள். அப்படியும் தண்ணீர் தேநீர் நிறமாவது இயல்பு, மீனுக்குத் தீங்கில்லை.

கனமான கற்களை மணலுக்கு முன்பே அடியில் வையுங்கள். மணலின்மேல் வைத்தால் மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியில் மோதும். பிறகு மணல், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் மெதுவாகத் தண்ணீர். பாதி நிரம்பியதும் செடி நடுங்கள், பிறகு மீதி நீர்.

அனுபியாஸ், ஜாவா பெரணி, ஜாவா பாசி, வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் ஆகியவை கூடுதல் கரியமில வாயுவோ வலிமையான விளக்கோ கேட்காதவை. அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டின் தடித்த மட்டத்தண்டை மணலுக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். நூலால் கட்டையில் கட்டிவிடுங்கள். முதல் மாதம் சில இலைகள் கரைந்து உதிர்ந்தால் பதற வேண்டாம். புதுத் தளிர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

5. மீனில்லாத ஐந்து வாரங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிச் செல்ல ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து இங்கே நில்லுங்கள்.

மீன் மூச்சுவிடும்போது செவுள்வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய உணவும் அழுகிய இலையும் அதையே உண்டாக்குகின்றன. அம்மோனியா மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் பெரும் கேடு செய்யாது. வாராந்திர நீர் மாற்றத்தில் வெளியேறிவிடும். இந்த நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் நமக்குத் தேவையான அளவில் இருப்பதில்லை. அவை வடிகட்டியிலும் மணலிலும் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். உணவில்லாமல் பெருகாது என்பதால், மீனுக்குப் பதிலாக அம்மோனியாவை நாமே கொடுக்க வேண்டும்.

வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். குளோரின் நீக்கிய நீரில், வாசனையோ நுரைப்பானோ சேராத அம்மோனியா கரைசலைத் துளித்துளியாக விட்டு 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிடலாம். மெதுவான, கணிக்கக் கடினமான வழி, ஆனாலும் வேலை செய்யும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா மட்டும் தெரியும். ஓரிரு வாரங்களில் அது குறையத் தொடங்கி நைட்ரைட் ஏறும். இந்த நைட்ரைட் கட்டம் நீளமானது. இரண்டு வாரமாக ஒன்றும் மாறவில்லை என்று மனம் சலித்து மீன் வாங்கிவிடுவது இங்கேதான். பிறகு ஒரு நாள் நைட்ரைட் சட்டென்று விழும், நைட்ரேட் மட்டும் எஞ்சி நிற்கும். அம்மோனியா தீர்ந்துபோகும் ஒவ்வொரு முறையும் மீண்டும் கொடுங்கள்.

முடிந்ததா என்று அறிய ஒரே சோதனை: 2 பி.பி.எம். அம்மோனியா விட்டு 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். பிறகு பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் வாங்கப் போகலாம். அன்றே போக முடியாவிட்டால் அம்மோனியா கொடுப்பதை நிறுத்தாதீர்கள். வளர்த்த பாக்டீரியா பட்டினியில் சுருங்கும்.

நண்பர் ஒருவரின் பல மாதம் ஓடிய, நோயற்ற தொட்டியிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டு கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையக்கூடும். ஈரம் காயாமல் அதே தண்ணீரில் கொண்டுவாருங்கள். பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதால் பயன் மிகக் குறைவு. பாக்டீரியா பரப்புகளில் ஒட்டி வாழ்கிறது, தண்ணீரில் மிதந்து திரிவதில்லை.

6. எந்த மீன், எத்தனை

ஓர் அங்குல மீனுக்கு 4 லிட்டர் என்றொரு கணக்கு உலவுகிறது. அதை மறந்துவிடுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் மீனின் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும், கழிவும் அதற்கேற்ப ஏறும். வளர்ந்தபின் 5 செ.மீ. தாண்டாத மீன்களை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பதே என் விதி. பிளாட்டி, தேன் குராமி போன்ற ஓரிரு வகைகள் சற்றே கூடினாலும் பரவாயில்லை.

மென்மையான அல்லது நடுத்தர நீருக்கு: ஹார்லிகுவின் ரஸ்போரா 8, பாண்டா கோரிடோரஸ் 6, தேன் குராமி 1. ரஸ்போரா நடுவிலும் கோரிடோரஸ் அடியிலும் குராமி மேலேயும் உலவும். மூன்று மட்டங்களும் நிறைந்திருக்கும், யாரும் யாருடைய இடத்துக்கும் போட்டியிடுவதில்லை.

கடினநீருக்கு: ஆண் கப்பி 6, பெண் பிளாட்டி 3, நெரைட் நத்தை 2. கப்பியில் ஆணை மட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் சேமித்து, ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். அரை ஆண்டில் தொட்டி தாங்காது. பெண் பிளாட்டியும் கடையிலேயே கருவுற்று வரலாம். சில ஈற்றுகளை எதிர்பாருங்கள். நெரைட் நத்தை நன்னீரில் பெருகாது.

கூட்டமாக வாழும் மீனை இரண்டிரண்டாக வாங்காதீர்கள். ஆறுக்குக் குறைந்தால் டெட்ராவும் ரஸ்போராவும் ஒளிந்தே கிடக்கும், நிறம் மங்கும், சில வகைகள் மற்றவற்றின் துடுப்பைக் கடிக்கத் தொடங்கும். ஐந்து வகையில் இரண்டிரண்டு என்பதைவிட ஒரே வகையில் எட்டு என்பது மீனுக்கும் நல்லது, பார்ப்பதற்கும் அழகு.

இந்தத் தொட்டிக்கு வேண்டாதவை: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் விரல்நீளத்தில் வந்து 30 செ.மீ. தாண்டி வளரும், மலை மலையாகக் கழிவிடும். கோல்டு பிஷ் குளிர்ந்த நீர் விரும்பும், 20 செ.மீ. வளரும். ஏஞ்சல் வளர்ந்தபின் நியான் டெட்ராவை விழுங்கிவிடும். டைகர் பார்ப் நீளத் துடுப்புகளைக் கடிக்கும். ஆண் பைட்டர், கப்பியின் விரிந்த வாலைப் போட்டியாளனாகக் கருதித் தாக்கக்கூடும். நியான் டெட்ரா பொருத்தமான மீன்தான். ஆனால் புதிய தொட்டியின் ஏற்ற இறக்கத்தை அது தாங்குவதில்லை. மூன்று மாதம் பொறுங்கள்.

7. மீனை விடும் நாள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதீர்கள். முதலில் கூட்டமீன், இரண்டு வாரம் கழித்து அடிமட்ட மீன், கடைசியில் குராமி. எல்லை வகுத்துக்கொள்ளும் மீனை முதலில் விட்டால் முழுத் தொட்டியையும் தனதென்று எண்ணிப் பின்வருபவற்றை விரட்டும். ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் ஒரு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் பாருங்கள்.

இடமிருந்தால் புதிய மீனைத் தனி நீர்த்தொட்டியில் ஸ்பாஞ்சு வடிகட்டியோடு மூன்று, நான்கு வாரம் வைத்திருங்கள். நோய் வெளிப்படுவதானால் அங்கே வெளிப்படட்டும்.

விளக்கை அணைத்து, பையை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து 5 நிமிடத்துக்கு ஒரு சிறு கிண்ணம் தொட்டி நீரை நான்கைந்து முறை ஊற்றுங்கள். வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. நெடுந்தூரம் பயணித்து ஒரு நாளுக்கு மேல் பையில் இருந்த மீனுக்கு மட்டும் இந்த முறை மாறும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும், அதனால் அங்குள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் இருக்கும். திறந்ததும் பி.எச். ஏறி அது நஞ்சாகும். பி.எச். 7-லிருந்து 8 ஆனால் நச்சு வடிவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு கூடும். அத்தகைய மீனுக்கு வெப்பத்தை மட்டும் சமமாக்கி உடனே மாற்றிவிடுங்கள்.

8. உணவு

நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மீனின் வயிறு ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் என்று நினைத்துக்கொண்டால் கை தானாகச் சுருங்கும். கண்ணாடியருகே வந்து துள்ளுவது பசியின் அடையாளமல்ல. உங்களைக் கண்டால் உணவு வரும் என்று பழகியிருக்கிறது. கோரிடோரஸ் மிச்சத்தைத் தின்று வாழும் என்று விட்டுவிடாதீர்கள். விளக்கணைத்த பிறகு மூழ்கும் குளிகை போடுங்கள். வளர்ந்த, நலமான மீன் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். வெளியூர் செல்லும்போது பழக்கமில்லாதவரிடம் உணவு டப்பாவை ஒப்படைப்பதுதான் பேராபத்து.

9. வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம்

வரிசை முக்கியம். முதலில் ஹீட்டரையும் வடிகட்டியையும் அணையுங்கள். நீர்மட்டம் இறங்கிச் சூடான ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கக்கூடும். அடுத்து கண்ணாடிப் பாசியைச் சுரண்டுங்கள். பிறகே சிபான் குழாயால் மணலின் அழுக்கை உறிஞ்சுங்கள். சுரண்டிய பாசியும் அதோடு போய்விடும். மொத்தத்தில் கால் பங்கு நீரை எடுத்தால் போதும். அதே வெப்பமுள்ள, குளோரின் நீக்கிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாய்நீரை நேரே தொட்டியில் விடுவதானால் மருந்தை முழுத் தொட்டி அளவுக்குக் கணக்கிடுங்கள். கடைசியில் கருவிகளை ஓடவிட்டு, வடிகட்டியில் நீரோட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சைப் பிழியுங்கள், ஆனால் வெளியே எடுத்த தொட்டி நீரில் மட்டும். குழாய்நீரில் பளிச்சென்று கழுவி ஐந்து வார உழைப்பை ஐந்து நிமிடத்தில் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பாஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும். நைந்துபோனால் பாதியை இப்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் மாற்றுங்கள்.

ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்புவது நீர் மாற்றமாகாது. ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிச் செறிந்துகொண்டிருக்கும். நைட்ரேட் 20 பி.பி.எம். பக்கம் இருந்தால் நல்லது. 40 தாண்டினால் நீரை அதிகமாக மாற்றுங்கள், உணவைக் குறையுங்கள்.

10. கோளாறு தெரிந்தால்

முதலில் கை போக வேண்டியது சோதனைப் பெட்டிக்கு, மருந்துக்கு அல்ல. அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் உடனே பாதி நீரை மாற்றி, ஒரு நாள் உணவை நிறுத்தி, மறுநாளும் சோதியுங்கள். மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்கினால் அதோடு காற்றுப் பம்பில் இணைத்த காற்றுக் கல்லையும் போடுங்கள்.

புதுத் தொட்டியில் பால்போன்ற வெண்கலங்கல் பாக்டீரியாப் பெருக்கம். தொடாமல் விட்டால் சில நாளில் தெளியும். பச்சை நீர் என்றால் ஒளி அதிகம். விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்து, மீன் கல்லில் உடலைத் தேய்த்தால் அது வெண்புள்ளி நோய். ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, நீந்தும் கட்டத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். உறையில் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் அகற்றுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். செம்பு கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொல்லும்.

இறந்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். பெருகிய குஞ்சுகளையோ வேண்டாத மீன்களையோ குளத்திலும் ஆற்றிலும் விடவே கூடாது. அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. இன்னொரு வளர்ப்பாளருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள். கத்தரித்த செடிகளையும் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.